கடல் கடந்து வந்த துப்பாக்கி

வேட்டையாடும் விருப்பத்தோடு பிறநாடு செல்பவன் இக்காலத்திலே தன் துப்பாக்கியைக் குறித்துப் பல இடங்களில் விடை கூற வேண்டியவனாகின்றான். ஆயுதத்தின் இலக்கம் என்ன, எத்தனை தோட்டாக்கள் உள்ளன, எந்த விலங்கை எத்தனை சுடலாம் என்பன யாவும் அனுமதிப்பத்திரத்திலே பொறிக்கப்படுகின்றன. இத்துணைக் கட்டுப்பாடு ஏன் எழுந்தது என்பதை அறிய விரும்புவோர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காடுகளில் நிகழ்ந்தவையே அதற்குத் தக்க சான்றாகும்.

1845ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேய இளைஞர் இலங்கைக்கு வந்தார். பிற்காலத்திலே நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று, 1864இல் ஆல்பேட் ஏரியைக் கண்டு புகழ்பெற்றவர் இவரே. ஆனால், இலங்கைக்கு அவரை ஈர்த்தது யானை வேட்டை. அதற்கென அவர் கொணர்ந்த ஆயுதங்களுள் ஒன்று, பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் தொழிலாளரைக் கொண்டு செய்வித்த பெருந்துப்பாக்கி. அதன் நிறை 21 இறாத்தல். குண்டின் நிறை நான்கு அவுன்சு. ஒரு வேட்டுக்கு ஏறத்தாழ ஓர் அவுன்சு மருந்து வேண்டும். அவ்வளவு மருந்து வெடிக்கும்போது உண்டாகும் உதைப்பைத் தாங்குவதற்கே துப்பாக்கி அத்துணைப் பாரமாக அமைந்தது.

அக்காலத்துத் துப்பாக்கிகள் வாய்வழியாக மருந்து இடிக்கப்படுபவை. ஒருமுறை சுட்டபின் மருந்தையும் குண்டையும் மீண்டும் இட்டு இடிப்பதற்குள் காயமுற்ற விலங்கு பாய்ந்து வந்துவிடும். ஆதலின், மருந்திட்ட வேறு துப்பாக்கிகளை ஏந்தியவாறு உள்ளூர் ஏவலாளர் வேட்டைக்காரனின் பின்னே நிற்பர். அவர் அஞ்சி ஓடிவிடின் அவன் உயிர் தப்புவது அரிது. மின்னேரிக் குளக்கரையிலே எருமையொன்று எதிர்த்து நின்றபோது குண்டுகள் தீர்ந்துவிட, பேக்கர் சட்டைப்பையிலிருந்த சில்லறைக் காசுகளைத் துணியிலே பொதிந்து துப்பாக்கியில் இட்டுச் சுட்டு உயிர் தப்பினார். இச்செய்தியை அவரே தம் நூலில் எழுதியுள்ளார்.

1848இல் அவர் குடும்பத்தோடும், வேட்டைநாய்களோடும், கால்நடைகளோடும் திரும்பி வந்து நுவரெலியாவில் குடியேறினார். மலைச்சாரலிலே நாய்களைக் கொண்டு மரை வேட்டையாடினார். தாழ்நிலக் காடுகளிலே யானைகளைச் சுட்டார். 1855இல் நாடு திரும்பினார்.

பேக்கர் தனியொருவரல்லர். அவருக்கு முன்னரே மேஜர் றொஜர்ஸ் என்பவர் 1,400 யானைகள் வரை கொன்றார் எனக் கூறப்படுகின்றது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த அவரின் கல்லறை நுவரெலியாவில் உள்ளது. இவர்களைத் தடுப்பதற்கு மாறாக, அரசாங்கம் யானையொன்றுக்குச் சில சிலிங் வீதம் சன்மானமும் அளித்தது. யானைகளால் பயிர் அழிந்த உழவரின் துயர் மெய்யானதே. ஆயினும், சன்மானத்தின் விளைவு அளவு கடந்தது. குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட நூலின்படி, வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகள் மடிந்தன.

கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகளும் வெட்டப்பட்டன. வேட்டை குறையவே, வேட்டைக்காரர்களே முதலில் கவலையுற்றனர். 1894இல் தோட்டத்துரைமாரும் வேட்டை விருப்பினரும் கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். தாம் சுடுவதற்கு விலங்குகள் எஞ்சியிருக்க வேண்டும் என்பதே அவர்தம் முதல் நோக்கம். எனினும், அந்நோக்கம் காலப்போக்கில் விரிவடைந்தது. 1900இல் யால ஒதுக்கிடமாயிற்று. 1937இல் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டிலே யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே இலங்கையில் எண்ணப்பட்ட காட்டு யானைகள் 5,879. றொஜர்சும் சன்மானம் பெற்றோரும் கொன்றவற்றை மட்டும் கூட்டினும் தொகை இதனை விஞ்சும். துப்பாக்கியோடு வரும் விருந்தினனிடம் நாடுகள் இன்று கேட்கும் கேள்விகள் சில நாழிகை தாமதத்தை உண்டாக்கலாம். அக்கேள்விகளை எவரும் கேளாதிருந்த காலத்தின் விலையை இலங்கைக் காடுகள் செலுத்தியுள்ளன.