மாடிக்குப் போன நண்டு

அமெரிக்காவின் செசபீக் வளைகுடாவில் நண்டு பிடிப்பது ஒரு காலத்தில் பொறுமையின் வேலை. நீளமான கயிறு. நெடுக உப்புப் போட்ட விலாங்குத் துண்டுகள். மெல்ல இழுத்தால் இரையை விட மனசில்லாமல் நண்டும் கூடவே வரும். நீர்மட்டத்துக்கு வருவதற்குள் கைவலையால் அள்ளிவிட வேண்டும். தாமதித்தால் டாட்டா.

இந்த நீல நண்டு, நம்மூர் நீலக்கால் நண்டுக்குப் பங்காளி. நன்றாக நீந்தும். தப்பிக்க நினைத்தால் மேல்நோக்கி நீந்தும். வர்ஜீனியாக்காரர் பெஞ்சமின் லூயிஸ் பிடித்துக்கொண்டது இதைத்தான். 1928-ல் ஒரு கம்பிக்கூண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். திருப்தியில்லை. திருத்தி, 1938-ல் மறுபடி வாங்கினார். கீழ்த்தளத்தில் இரை. தின்ன வந்த நண்டு, தப்பிக்கிறேன் பேர்வழி என்று மாடிக்கு நீந்தி அங்கேயே மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஆளே வேண்டாம். காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், கூலி மிச்சம்.

ஆனால் பெண் நண்டின் கணக்கு வேறு. கடைசியாக ஓடு கழற்றும் சமயம் மட்டும்தான் அது ஆணோடு சேரும். பிறகு வளைகுடாவின் உப்பு அதிகமான வாய்ப்பகுதிக்குப் போய், குளிர்காலம் முழுக்கச் சேற்றில் புதைந்து கிடக்கும். முட்டை அடுத்த கோடையில்தான். அந்தச் சேற்றைத்தான் இரும்புப் பல் வைத்த வலைகளால் வாரினார்கள். சிக்கியதில் பெரும்பாலும் தாய்கள்.

நண்டு குறைந்துபோய், 2008-ல் வர்ஜீனியா அதற்குத் தடை போட்டது. படகுக்காரர்களின் குளிர்கால வருமானம் போச்சு. அவர்களில் சிலருக்கு அரசு சம்பளம் கொடுத்து வேறு வேலை தந்தது. கயிறு அறுந்து தொலைந்த கூண்டுகளைத் தேடி எடுக்கிற வேலை. அடுத்த சில குளிர்காலங்களில் 30,000-க்கும் மேல் எடுத்தார்கள். பலவற்றில் நண்டுகள் இருந்தன. ஆள் வேண்டாத கூண்டாயிற்றே, தொலைந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தது.