மாவுக்குள் மறைந்திருப்பது

காஞ்சிபுரத்துப் பட்டைச் சோதிக்க எளிய வழியுண்டு. இழையொன்றைப் பிரித்துத் தீயில் காட்டினால் தலைமுடி கருகும் வாடை எழ வேண்டும். கடையில் வாங்கும் ரொட்டிக்கு வீட்டில் செய்யத்தக்க சோதனை ஏதுமில்லை.

கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் சேர்ந்த ரொட்டி ஹலால்தான். பால், வெண்ணெய், முட்டை சேர்ந்தாலும், இரும்பும் கால்சியமும் ஊட்டப்பட்டாலும் அதில் மாற்றமில்லை. ஐயம் துணைப்பொருள்களில்தான் தொடங்குகிறது. 471 என்னும் எண் தாங்கிய பால்மமாக்கி தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். மாவை இளக்கும் 920, அதாவது சிஸ்டீன், இறகிலிருந்தோ முடியிலிருந்தோ நொதித்தல் முறையிலோ கிடைக்கிறது. மூலப்பொருள் முற்றிலும் உருமாறினால் விலக்கு நீங்குமா? ஹனஃபி அறிஞர்கள் இதைப் பரவலாக ஏற்பர். ஷாஃபி மரபில் இதற்கு இடம் மிகக் குறைவு. தமிழக முஸ்லிம்களிடையே இவ்விரு மரபினரும் உள்ளனர்.

இத்தகைய ஐயம் நம் வரலாற்றுக்குப் புதிதன்று. காஞ்சிக்கு மேற்கே வேலூரில், 1806-ல் சிப்பாய்கள் கிளர்ந்தெழத் தோல் பதித்த தலைப்பாகை ஒரு காரணமாயிற்று. 1857-ல் மாவில் மாட்டெலும்பும் பன்றியெலும்பும் அரைத்துக் கலக்கப்படுவதாக வடநாட்டில் வதந்தி பரவியது. அதற்குச் சான்று கிட்டவில்லை. ஆனால் மாவு எங்கே, எவரால் அரைக்கப்பட்டது என்பது உண்பவர் கண்ணுக்குத் தெரியாதபோது, வதந்தியை மறுக்கவும் வழியில்லாமற் போயிற்று.

1965-ல் நடுவண் அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஊட்டச்சத்து சேர்த்த ரொட்டி பெருநகர வீடுகளுக்கு வந்தது. அடுப்பு ஆலைக்குள் மறைந்தது. 2000-ல் அந்நிறுவனம் தனியார் வசமாயிற்று.

2001-ல் சட்டம் கட்டாயமாக்கிய பச்சைப் புள்ளி, சைவ உணவினரை எண்ணி வந்தது. விலங்குக் கொழுப்பு இல்லையென்று அது சொல்வதால் முஸ்லிம் அடுக்களைக்கும் உதவுகிறது. எனினும் அதுவே ஹலால் முத்திரையாகிவிடாது. முட்டை சேர்ந்த ஹலால் ரொட்டி பழுப்புக் குறி பெறுகிறது. வாசனைச் சாற்றில் ஆல்கஹால் இருப்பதைப் பச்சைப் புள்ளி சொல்வதில்லை.

2021 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், சேர்மானத்தின் எண்ணைக் குறிப்பிட்டால் மட்டும் போதாது, அது தாவரத்திலிருந்து வந்ததா விலங்கிலிருந்து வந்ததா என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்றது. 1857-ன் சந்தையில் கேட்க வழியின்றிப் போன கேள்வி அது. விடை பச்சைப் புள்ளியாக வந்தாலும் ஹலால் முத்திரையாக வந்தாலும், அதைக் கேட்கும் உரிமை உண்பவர் அனைவருக்கும் பொது.