விற்றவனுக்கு மன்றம்! வீழ்ந்தவனுக்கு மரணம்!

போதைக்கு அடிமையானவனைத் தண்டிப்பதா, திருத்துவதா? இன்று நாடெங்கும் எழும் இந்தக் கேள்வி புதியதன்று. 1836ஆம் ஆண்டிலேயே பீகிங் அரண்மனையில் எழுந்த கேள்வி இது. அன்று அளிக்கப்பட்ட விடை என்ன, அந்த விடையால் வாழ்ந்தவர் யார், வீழ்ந்தவர் யார் என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபினி. வலி போக்கும் மருந்து அது, மறுப்பதற்கில்லை. ஆனால், நாள்தோறும் உட்கொள்வோனின் உடல் அதற்குப் பழகிவிடுகிறது. நேற்றைய அளவு இன்று போதாது. இன்றைய அளவு நாளை போதாது. நிறுத்தினாலோ உடல் நோகும், குமட்டும், வயிறு போகும், உறக்கம் ஓடும். அளவு மீறினாலோ மூச்சே நின்றுபோகும். தலைவிதி என்பார் வைதிகர். பாவத்தின் சம்பளம் என்பார் பாதிரியார். மூளையும் நரம்பும் பழக்கத்துக்கு அடிமைப்பட்டதன் விளைவு என்கிறது மருத்துவம். விதியை நம்பினால் விடுதலை இல்லை. நோய் என்று அறிந்தால் சிகிச்சை உண்டு.

1729இலேயே சீனப் பேரரசு அபினி விற்பனைக்குத் தடை விதித்தது. தடை ஏட்டிலே இருந்தது. அபினியோ கப்பலிலே வந்தது! அனுப்பியவர் யார்? கிழக்கிந்தியக் கம்பெனி! 1773இல் வங்கத்து அபினியைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது கம்பெனி. பாட்னாவிலும் காசிப்பூரிலும் பக்குவம் செய்தது. கல்கத்தாவில் ஏலம் விட்டது. ஏலம் எடுத்த தனி வணிகர்கள் சீனக் கரைக்குக் கடத்தினார்கள். கம்பெனியின் கை கறைபடவில்லை. கஜானா மட்டும் நிறைந்தது! நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில ஆயிரம் பெட்டிகளே சென்றன. 1838இலோ ஏறத்தாழ 40,000 பெட்டிகள். பெட்டி ஒன்றின் எடை 60 கிலோவுக்கும் மேல்.

வெள்ளி வெளியேறிற்று, வீரர்கள் மெலிந்தனர். அரண்மனையிலே விவாதம் மூண்டது. ஷூ நைஜி எனும் அதிகாரி 1836இல் ஒரு விண்ணப்பம் அளித்தார். தடையால் பயனில்லை, லஞ்சம்தான் பெருகிற்று, அபினியை அனுமதித்து வரி போடுங்கள், அதிகாரிகளும் கற்றோரும் படைவீரரும் மட்டும் தொடாதிருக்கட்டும் என்றார். குடிமக்கள்? அவர்கள் குடித்துக் கெட்டால் அரசுக்கென்ன என்பதே இதன் பொருள்! 1838இல் ஹுவாங் ஜுவேசி எனும் மற்றோர் அதிகாரி எழுந்தார். அபினி புகைப்போருக்கு ஓராண்டு தவணை கொடுங்கள். அதன் பிறகும் விடாதவனுக்கு மரண தண்டனை கொடுங்கள் என்றார். மன்னர் டாவோகுவாங் மாகாணத் தலைவர்களின் கருத்தைக் கேட்டார். புகைப்போரைக் கொல்வதற்குப் பெரும்பாலோர் இசையவில்லை. எனினும், 1839இல் வந்த சட்டம் ஒன்றரை ஆண்டு தவணையையும், அதற்குப் பின் மரணத்தையும் விதித்தது.

ஒருவர் வரி என்றார். ஒருவர் மரணம் என்றார். மருந்து என்றவர் இல்லையா? இருந்தார்! லின் சேசூ எனும் ஆளுநர் கடுந்தண்டனையை ஆதரித்தவர்தான். ஆயினும், புகைக் குழாய்களைப் பறித்ததோடு நில்லாமல், பழக்கத்தை விடுவதற்கான மருந்து முறைகளையும் பரப்பினார். மன்னர் அவரைக் கான்டனுக்கு அனுப்பினார். 1839 ஜூன் மாதத்தில் 20,000க்கும் மேற்பட்ட பெட்டி அபினியை, உப்பும் சுண்ணாம்பும் கலந்து கரைத்துக் கடலிலே விட்டார் லின்.

விற்றவன்மீது கைவைத்தார் ஒருவர். விளைவு? போர்! அபினி வணிகர்களுள் முதல்வர் வில்லியம் ஜார்டின், ஒரு காலத்தில் கம்பெனிக் கப்பலிலே மருத்துவராகப் பணியாற்றியவர். நோய் தீர்க்கக் கற்றவர், நோய் விற்றுச் செல்வரானார்! லண்டன் சென்று அமைச்சர் பாமர்ஸ்டனிடம் போருக்கு வழி சொன்னார். அவருடைய அபினிக் கப்பலிலே மொழிபெயர்ப்பாளராய்ச் சென்ற பாதிரியார் கட்ஸ்லாப், சீனருக்குச் சமய நூல்களையும் வழங்கினார். ஒரு கப்பலிலேயே மோட்சமும் மயக்கமும்! 1840இல் பிரிட்டிஷ் மன்றத்திலே கிளாட்ஸ்டன் இந்தப் போரைக் கண்டித்துப் பேசினார். அரசுக்கெதிரான தீர்மானம் ஒன்பதே வாக்குகளில் தோற்றது. 1842 நான்கிங் உடன்படிக்கையின்படி ஹாங்காங் பறிபோயிற்று. 2 கோடியே 10 லட்சம் டாலர் தண்டம் கட்டியது சீனம். லின் நாடுகடத்தப்பட்டார், ஜார்டின் 1841இலேயே நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்டார்.

இங்கே, பீகாரின் உழவன் முன்பணத்தால் பிணைக்கப்பட்டுக் கசகசா பயிரிட்டான். விலையைத் துரைத்தனம் வைத்தது. அபினியால் பெருங்கேடில்லை, தடையும் தேவையில்லை என்று 1895இல் அறிக்கை தந்தது அரச விசாரணைக் குழு. வருவாய் வரும் வரையில் நஞ்சும் நல்லதாயிற்று!

பீகிங்கில் கைவிடப்பட்ட மூன்றாவது வழியை, நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் முயன்றது போர்ச்சுகல். ஹெராயினால் சீரழிந்த அந்நாடு, 2001 ஜூலை முதல், தன் பயன்பாட்டுக்காகப் பத்து நாள் அளவுக்கு உட்பட்டு வைத்திருப்பதைக் குற்றவியல் குற்றமன்று என்றது. அனுமதியும் தரவில்லை, விற்பனை இன்றும் குற்றமே. பிடிபட்டவன் சிறைக்கல்ல, மூவர் கொண்ட குழுவின் முன் செல்கிறான். சிகிச்சைக்கு வழி காட்டப்படுகிறான். ஊசி வழியே பரவிய எச்.ஐ.வி. தொற்று பெரிதும் குறைந்தது. பின்னாளில் பணம் சுருங்கியபோது பணியும் தளர்ந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமும் 2021இல் தண்டனையை நீக்கியது. ஆனால், சிகிச்சை நிலையங்கள் எழுமுன் சட்டம் விலகியது. தெருவிலே போதை பெருகுகிறதென்று மக்கள் சினந்தனர். 2024இல் தண்டனை மீண்டது. விலங்கை அவிழ்ப்பது மட்டும் விடுதலையாகாது. விழுந்தவனைத் தூக்கிவிடக் கை ஒன்று வேண்டும் என்பதே இந்த இரு நாடுகளும் புகட்டும் பாடம்.

நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுச் சட்டம், உட்கொள்வதையே குற்றம் என்கிறது. ஹெராயின், கொக்கேயின் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை சிறை. அதே சட்டத்தின் 64-ஏ பிரிவோ, சிறிதளவு வைத்திருந்த அடிமை, தானே சிகிச்சை நாடினால் வழக்கினின்றும் விலக்கு அளிக்கிறது. சிறைக்கதவு ஊரறிய நிற்கிறது. இந்தச் சிறுகதவை அறிந்தோர் எத்தனை பேர்?

இளைஞர்களே! தண்டனையைக் குறைத்தால் போதை பெருகும் என்று அஞ்சுவோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. பிள்ளையை இழந்த தாயின் அச்சம் அது. ஆனால், தூக்குத் தண்டனையால் சீனத்தில் அபினி ஒழியவில்லை. வணிகன் தப்பினான், வறியவன் மாட்டினான். வரி போட்டு விற்றதாலும் ஒழியவில்லை. 1858இல் சீனம் அபினியைச் சட்டபூர்வமாக்கியது, பழக்கம் மேலும் பரவிற்று. ஆகவே, விற்பவனிடம் கடுமை, வீழ்ந்தவனிடம் கருணை, கருணைக்குத் துணையாக மருத்துவமனை என மூன்றும் சேர்ந்து வரவேண்டும். ஊர்தோறும் சிகிச்சை நிலையம் கேட்போம்! வீழ்ந்தவனை வெறுக்காமல், அந்த வாயில் வரையில் அழைத்துச் செல்வோம்!