பெட்டிக்குள் அடங்குவது எது?

வண்டி செய்பவனிடம் ஒருவன் வண்டி வாங்குகின்றான். சக்கரமும் அச்சும் நுகத்தடியும் அவ்விலைக்குள் அடங்கும்; காளைகள் அடங்கா. இதனை எவரும் எழுதி வைத்ததில்லை. எனினும் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே இது குறித்து வழக்கு எழுவதில்லை. பல தலைமுறைகளின் பழக்கம் அவ்வெல்லையை வகுத்துவிட்டது. பழக்கம் இன்னும் எல்லை வகுக்காத பொருள்களைப் பற்றியே வழக்கு எழும். மேசைக் கணினி அத்தகைய பொருள்களுள் ஒன்று.

கணினி வாங்குபவனுக்கு அதனோடு விசைப்பலகையும், மவுஸ் எனப்படும் சுட்டியும் சேர்த்தே கொடுக்கப்படல் வேண்டுமா? அன்றி, அவற்றை அவன் தனியே வாங்கிக்கொள்ள விடலாமா? கேட்ட அளவில் இது கடைக்காரர் மட்டும் சிந்திக்கவேண்டிய சிறு வினாவாகத் தோன்றலாம். ஆனால், ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இவ்வினாவுக்கு மாறி மாறி வந்த விடைகளை நோக்கின், கணினி யாருக்காகச் செய்யப்பட்டது என்ற பெரிய வினா அதனுள் ஒளிந்திருத்தல் புலனாகும்.

1975ஆம் ஆண்டு சனவரி மாத அமெரிக்க மின்னியல் இதழொன்றின் அட்டையில் அல்ட்டெயார் 8800 என்னும் கணினியின் படம் வெளிவந்தது. அதனைச் செய்தது நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புகேர்க்கி நகரிலிருந்த மிட்ஸ் என்னும் சிறு நிறுவனம். உறுப்புகளாகப் பிரித்து விற்கப்பட்ட அதன் விலை நானூறு டொலருக்கும் குறைவு. தனி மனிதன் ஒருவன் தன் சொந்தப் பணத்தில் கணினி வாங்கலாம் என்ற எண்ணத்தை ஆயிரக்கணக்கானோர் உள்ளத்தில் விதைத்தது அதுவே. ஆயின் அதற்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முகப்பில் வரிசையாகச் சிறு ஆளிகளும் சிவப்பு விளக்குகளும் இருந்தன. எட்டு ஆளிகளை மேலும் கீழுமாக அமைத்துப் பின்னர் வேறோர் ஆளியைத் தட்டினால் ஒரேயொரு குறியீடு நினைவகத்துட் செல்லும். அவ்வாறு நூற்றுக்கணக்கான முறை செய்தாலன்றி ஒரு சிறு செய்நிரலும் உருப்பெறாது. தட்டெழுத்துப் பொறி போன்ற கருவியொன்றை இணைத்து இவ்வருத்தத்தைத் தீர்க்க முடிந்தது. ஆனால் அக்கருவியின் விலை கணினியின் விலையையும் விஞ்சியது.

அடுத்த ஆண்டு, 1976இல், கலிபோர்னியாவில் ஸ்டீவ் வொஸ்னியாக் வடிவமைத்த முதலாவது அப்பிள் கணினி 666.66 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. விலையாகப் பெற்றவன் கையிற் கிடைத்தது மின்சுற்றுப் பலகை ஒன்றே. விசைப்பலகை, திரை, மின்வழங்கி, மேலுறை ஆகிய யாவையும் அவனே தேடிக்கொள்ளல் வேண்டும். அக்காலத்தில் இஃது எவரையும் திடுக்கிடச் செய்யவில்லை. வாங்கியவர்கள் பற்றாசு வைத்து ஒட்டத் தெரிந்த ஆர்வலர்கள். தம் கையாற் பொறியைக் கட்டி முடிப்பதே அவர்களுக்கு இன்பமாயிருந்தது. ஆயினும் அப்பலகைகளுள் ஐம்பதினைக் கொள்வதற்கு உடன்பட்ட கடை முதலாளி போல் டெரல், உறுப்புகளைப் பொட்டலமாகத் தரவேண்டா, பூட்டி முடித்தே தருக என்று கேட்டார். கடைக்கு வருவோர் எல்லாரும் கைவினைஞர் அல்லர் என்பதை நாள்தோறும் வணிகம் செய்த அவர் அறிந்திருந்தார்.

அவர் அறிந்ததை அடுத்த ஆண்டே உலகமும் அறிந்தது. 1977இல் இரண்டாம் அப்பிள், கொமடோர் நிறுவனத்தின் பெட், டாண்டி நிறுவனத்தின் டி.ஆர்.எஸ். 80 ஆகிய மூன்று கணினிகள் சந்தைக்கு வந்தன. மூன்றிலும் விசைப்பலகை உடலோடு ஒட்டியே பிறந்தது. ஆசிரியரும் சிறு வணிகரும் பள்ளி மாணவரும் கணினியின் முன் அமர்ந்தது அதன் பின்னரே.

ஆயின், உடன்வருவது என்றும் நல்லதாகவே அமையும் என்று கொள்ளல் தகாது. பெட் கணினியின் முதல் வடிவில் விசைகள் கணிப்பான் விசைகள் போல மிகச் சிறியனவாயிருந்தன. பத்து விரல்களாலும் தட்டெழுதப் பழகியோர் அதனால் இடர்ப்பட்டனர். உடலோடு ஒட்டிய உறுப்பாதலின் அதனை நீக்கி வேறொன்று பொருத்தவும் எளிதில் இயலவில்லை. பின்னர் வந்த பெட் வகைகளிலே நிறுவனம் முழு அளவு விசைகளை அமைத்தது. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது இக்குறைக்கு மருந்து கிடைத்தது. அதன் 83 விசைகள் கொண்ட விசைப்பலகை 1,565 டொலர் என்ற அடிப்படை விலைக்குள் அடங்கியிருந்தது. எனினும் வடமொன்றினால் மட்டுமே பொறியோடு இணைக்கப்பட்டிருந்தது. வேண்டியவர் அதனை மடிமேல் வைத்து எழுதலாம். வேண்டாதவர் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம்.

விசைப்பலகையின் கதை இவ்வாறாக, சுட்டியின் கதை வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் கருத்தளிக்க, பில் இங்கிலிஷ் என்பார் 1964இல் முதற் சுட்டியை உருவாக்கினார். அது மரக்கட்டை ஒன்றின் அடியில் இரு சில்லுகள் பொருத்திய எளிய பொருள். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் பலர் கூடிய அவையிலே எங்கல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார். ஆயினும் அது பொதுமக்கள் கைக்கு வரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாயின. 1981இல் ஸெரொக்ஸ் நிறுவனம் விற்ற ஸ்டார் என்னும் கணினியிற் சுட்டி இருந்தது. ஆனால் அதன் விலை பதினாறாயிரம் டொலருக்கும் மேல். 1983இல் அப்பிள் நிறுவனத்தின் லிசா 9,995 டொலருக்கு வந்தது. 1984 சனவரியில் 2,495 டொலருக்கு வந்த மக்கின்டோஷ் கணினியே சுட்டியைச் சாதாரண மேசைக்குக் கொணர்ந்தது.

அம்மக்கின்டோஷின் பெட்டிக்குள் சுட்டியும் விசைப்பலகையும் சேர்ந்தே இருந்தன. அதன்மேலும், அவ்விசைப்பலகையில் அம்புக்குறி விசைகள் வேண்டுமென்றே விடப்பட்டிருந்தன. வாங்குபவன் சுட்டியைப் பழகியே ஆகவேண்டும். செய்நிரல் எழுதுவோர் சுட்டியை மனத்திற்கொண்டே எழுதவேண்டும் என்பது நோக்கம். இது சற்றுக் கடுமையான ஏற்பாடே. இரண்டு ஆண்டுகளின் பின் வந்த வடிவில் அம்பு விசைகள் திரும்பின. ஆயின் நோக்கம் நிறைவேறியது. ஒவ்வொரு மக்கின்டோஷ் கணினியிலும் சுட்டி உண்டு என்பது உறுதியானமையால், எழுதுவோரும் ஓவியம் வரைவோரும் பயன்படுத்தும் மென்பொருள்கள் சுட்டியை நம்பித் துணிவோடு படைக்கப்பட்டன.

ஐ.பி.எம். வழிவந்த கணினிகளின் நிலை அன்று இவ்வாறில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1983இலேயே சுட்டி விற்கத் தொடங்கியிருந்தது. எனினும் அது விரும்பினோர் தனியே வாங்கும் பொருள். பத்து வீடுகளில் எத்தனை வீட்டில் அஃதிருக்கும் என்பதை மென்பொருள் எழுதுவோர் அறியார். ஆதலின் 1985இல் வெளிவந்த முதலாவது விண்டோஸ், சுட்டியின்றி விசைப்பலகையால் மட்டும் இயக்கவும் ஏற்றவாறு அமைக்கப்பட்டது. சுட்டி இல்லாமையால் அதற்கான மென்பொருள் குறைவு. மென்பொருள் குறைவாதலால் சுட்டி வாங்குவோர் குறைவு. 1990இல் வந்த மூன்றாம் விண்டோஸ் பரவிய பின்னரே இச்சுழல் அறுந்தது. புதிய கருவியொன்றைப் பெட்டிக்குள் வைப்பது வாங்குபவன் ஒருவனுக்குச் செய்யும் உதவி மட்டுமன்று. எல்லார்க்கும் பொதுவான தளமொன்றை அமைத்தலும் ஆகும் என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.

அவ்வாறாயின் என்றும் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தல் நன்றன்றோ எனின், வரலாறு அதனையும் முழுதாக ஒப்பவில்லை. சுட்டியைப் பெட்டிக்குள் வைத்த அதே அப்பிள் நிறுவனம், 1987இல் வெளியிட்ட மக்கின்டோஷ் எஸ்.ஈ., இரண்டாம் மக்கின்டோஷ் ஆகியவற்றுக்கு விசைப்பலகையைத் தனியே விற்றது. சிறியது ஒன்று, விசைகள் மிகுந்த பெரியது ஒன்று என இரண்டு வகை இருந்தன. வாங்குபவன் தன் தொழிலுக்கு ஏற்றதைத் தெரிந்துகொள்ளலாம் என்பது இதன் நியாயம். ஆனால், எதனைத் தெரிந்தாலும் அதற்குத் தனிவிலை கொடுத்தேயாக வேண்டும். 1998இல் வந்த ஐமக் கணினியோடு வட்டவடிவச் சுட்டியொன்று கொடுக்கப்பட்டது. அழகில் அதற்குக் குறைவில்லை. ஆனால் கையிலெடுத்தவனுக்கு அதன் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியவில்லை. பலர் அதனை ஒதுக்கி வேறு சுட்டி வாங்கினர். 2000ஆம் ஆண்டில் நிறுவனமே அதனை மாற்றிவிட்டது. ஒதுக்கப்பட்ட சுட்டிக்கும் வாங்கியவனே விலை கொடுத்திருந்தான் என்பதை மறத்தலாகாது.

எனினும் அதே ஐமக் கணினி வேறொரு வகையில் பெருமாற்றத்துக்கு வித்திட்டது. அதற்கு முன்னர் விசைப்பலகைகளின் செருகிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதனவாயிருந்தன. அப்பிள் கணினிக்கு ஒருவகைச் செருகி, ஐ.பி.எம். கணினிக்கு ஒருவகை, 1987இன் பின் அந்நிறுவனத்திடமே மற்றொரு வகை. பழைய கணினியை நீக்கிப் புதியது வாங்கினால் பழைய விசைப்பலகை பயன்படும் என்ற உறுதி இல்லை. ஆகவே புதிய கணினியோடு புதிய விசைப்பலகை வருதல் அன்று தேவையாயிருந்தது. 1996இல் வகுக்கப்பட்ட யூ.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு முறையை ஐமக் ஏற்றது, ஏனையோரும் ஏற்றனர். அதன் பின்னர் எக்கணினியின் விசைப்பலகையும் எக்கணினியோடும் பொருந்தும் காலம் பிறந்தது.

அதன் விளைவை 2005ஆம் ஆண்டு சனவரி மாதத்திற் காணலாம். ஸ்டீவ் ஜொப்ஸ் அறிமுகஞ் செய்த மக் மினி என்னும் சிறு கணினி 499 டொலருக்கு விற்கப்பட்டது. திரையும் விசைப்பலகையும் சுட்டியும் அதனோடு வரவில்லை. அவற்றை வாங்குபவரே கொண்டுவருக என்று வெளிப்படையாகவே கூறப்பட்டது. ஏற்கெனவே வேறு கணினி வைத்திருப்போரை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட பொருள் அது. அவர்கள் மேசைமேல் விசைப்பலகையும் சுட்டியும் முன்னரே இருந்தன. அவர்களுக்கு அக்குறைந்த விலை உண்மையாகவே குறைந்த விலை. ஆனால் முதன்முறையாகக் கணினி வாங்கியவனுக்கோ அவ்விலை பாதிவிலையே. கடையை விட்டு வெளியேறுமுன் மீதியையும் கொடுத்தே ஆகவேண்டும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்துக் கதை இதனை இன்னும் தெளிவாக்கும். பிள்ளைகள் செய்நிரல் எழுதக் கற்றல் வேண்டும் என்ற நோக்கோடு 2012 பெப்ரவரியில் ராஸ்பெரி பை என்னும் கணினி அங்கிருந்து வெளிவந்தது. 35 டொலருக்கு வந்தது வெறும் மின்சுற்றுப் பலகை; முதலாவது அப்பிள் கணினியின் காலம் மீண்டது போன்ற காட்சி. மலிவு என்பதனால் உலகெங்கும் அது பரவியது. ஆயினும் அப்பலகை மட்டும் கையிலிருந்த பிள்ளை ஓர் எழுத்தையும் எழுத முடியாது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2020 நவம்பரில், அவர்களே கணினி முழுவதையும் விசைப்பலகை ஒன்றனுள் அடக்கி 70 டொலருக்குக் கொடுத்தனர். சுட்டி, மின்வழங்கி, தொடக்கநிலைக் கையேடு முதலியன சேர்ந்த தொகுதி 100 டொலர். அதேவேளை வெறும் பலகையின் விற்பனையும் நிறுத்தப்படவில்லை. அறிந்தவனுக்கு ஒன்று, தொடங்குபவனுக்கு ஒன்று என இருவழியும் திறந்து விடப்பட்டன.

வேண்டாத பொருளைச் சேர்த்துக் கொடுப்பதனால் விளையும் தீங்கும் சிறிதன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னியற் கழிவைக் குவித்தது என்றும், அதில் நாலிலொரு பங்கு தானும் முறைப்படி சேகரித்து மீளப் பயன்படுத்தப்படவில்லை என்றும் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் அறிக்கை கூறுகின்றது. அலுமாரியின் அடித்தட்டில் உறங்கும் மூன்றாவது விசைப்பலகையும் நாளடைவில் அக்குவியலையே சேரும். ஐரோப்பிய ஒன்றியம் இதனை எண்ணி 2022இல் ஒரு சட்டம் இயற்றியது. அது விசைப்பலகை பற்றியதன்று. தொலைபேசி முதலியவற்றின் மின்னேற்றி பற்றியது. அனைத்துக்கும் ஒரே வகை இணைப்பு வேண்டும். மின்னேற்றியோடு விற்பவன் மின்னேற்றி இன்றியும் விற்றல் வேண்டும். எது உள்ளே இருக்கின்றது என்பதைப் பெட்டியின் மேலேயே காட்டல் வேண்டும் என்று அது விதித்தது. 2024 டிசம்பர் 28 முதல் தொலைபேசிகளுக்கு அது நடைமுறைக்கு வந்தது.

தமிழ் பேசும் நேயர்களுக்கு இவ்வினாவில் மற்றுமொரு தொடர்பும் உண்டு. பெட்டியோடு வரும் விசைப்பலகையிற் பெரும்பாலும் உரோமன் எழுத்துக்களே பொறிக்கப்பட்டிருக்கும். தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் வழிவந்த விசையமைப்பிற் பழகியோரும், 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ் 99 அமைப்பிற் பழகியோரும் அவ்விசைகளின் மேல் தமிழெழுத்தைக் காணார். நினைவினாலே தட்டுவர், அல்லது எழுத்துத் தாள்களை ஒட்டிக்கொள்வர். சேர்த்துக் கொடுக்கப்படுவது யாருடைய மொழிக்காகச் சேர்க்கப்பட்டது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. தெரிவு செய்யும் வாய்ப்பு இத்தகையோருக்கு விலையைக் காட்டிலும் பெரிது.

ஆகவே இவ்வரலாறு முழுவதையும் தொகுத்து நோக்கின் முடிவு தெளிவாகின்றது. கருவி புதிதாயிருக்கும் காலத்தில் அதனைப் பெட்டிக்குள் வைத்தல் வேண்டும். இல்லையேல் அது பரவாது. அதனை நம்பி எவரும் எதனையும் படையார். கருவி பழகி, இணைப்பும் பொதுவாகிவிட்ட பின்னர் அதனைத் திணித்தல் வேண்டா, தெரிவுக்கு விடலாம். ஆனால் தெரிவு என்பது பெயரளவில் நின்றுவிடலாகாது. விசைப்பலகை இன்றி விற்கும்போது அதன் விலை மெய்யாகவே குறைதல் வேண்டும். இல்லாதது இல்லை என்பதைப் பெட்டியின் மேற்புறமே சொல்லல் வேண்டும். முதன்முறை வாங்குபவன், அவன் பள்ளி மாணவனாயினும் முதியவனாயினும், வேண்டுமெனக் கேட்ட அளவில் முழுத் தொகுதியும் ஒரே விலையிற் கிடைத்தல் வேண்டும்.

காளை உள்ளவன் வண்டியை மட்டும் வாங்கட்டும். அது அவன் வசதி. ஆயின் நுகத்தடி இல்லாத வண்டியை, முதன்முறை வண்டி வாங்க வருபவனிடம் மலிவு என்று கூறி விற்பது வணிகமே ஆயினும் அறமாகாது.