கரிசல் வழியும் கழுகுமலைச் சிற்பங்களும்

முத்துக்குளிக்கும் துறையாக விளங்கிய தூத்துக்குடியின் கீர்த்தியைப் பேசுவோர், அதே ஜில்லாவின் மேற்குப் பகுதியில், கோவில்பட்டிக்கு அப்பால் கரிசற்காட்டின் நடுவே எழுந்து நிற்கும் கழுகுமலையை எளிதில் மறந்துவிடுகின்றனர். தார்ச்சாலை தோன்றுமுன் அங்கே செல்வதற்கிருந்தது வண்டித்தடமே. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அக்கரிய மண், ஐப்பசி மழையில் நனைந்தவுடன் சக்கரத்தை அச்சுவரை விழுங்கிக்கொள்ளும் சுபாவமுடையதாகையால், வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துவிட்டு நிலம் காயக் காத்திருப்பதன்றி வேறு உபாயமில்லை. இத்தகைய நிலத்தைக் கடந்து, பாண்டியர் ஆண்ட எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சமண சமயத்தார் தொலைவிலிருந்தும் இங்கு வந்தனர் என்பதற்குப் பாறையே சாட்சி. தீர்த்தங்கரர்களோடு பாகுபலி, அம்பிகை முதலிய திருவுருவங்களையும் வரிசை வரிசையாகச் செதுக்குவித்த அவர்கள், அவற்றின் கீழ் வட்டெழுத்தில் தம் பெயரையும் ஊரையும் பொறித்துச் சென்றனர். கோட்டாறு போன்ற தூரத்து ஊர்களும், குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் நாமங்களும் அவற்றுள் காணப்படுகின்றன. மன்னர் மெய்க்கீர்த்திகளில் இடம்பெறாத மனிதரின் யாத்திரையைச் சரித்திரமாக்கியவை இவ்வரிகளே. அருகே ஒரே பாறையிலிருந்து செதுக்கப்பட்டு, முற்றுப்பெறாமல் நின்றுபோன வெட்டுவான் கோயிலையும் சேர்த்து நோக்குவோர், இப்பிரதேசத்தின் பெருமை கடல் வாணிகத்தால் மட்டுமன்றி, உள்நாட்டு வழிகளாலும் வளர்ந்ததென்று உணர்வர்.