தோற்ற பிள்ளையைத் திரும்பக் கூப்பிடும் ஆசிரியர்: வீடியோ கேம்கள் வந்த வழி



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையின் கையில் போனைக் கண்டதும் ஏசுகின்ற உம்மா வாப்பாமாரும், எங்களைப் போன்ற ஆசிரியர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

போன தவணை கணிதத்தில் 18 புள்ளி எடுத்த ஒரு மாணவன். வினாத்தாளைக் கொடுத்தபோது திருப்பிக்கூடப் பார்க்காமல் மடித்துப் பைக்குள் வைத்தான். அதே பிள்ளை இடைவேளையில் கூட்டாளிமாரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு கேமில் வரும் பெரிய எதிரியை எப்படி வெல்வது என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான். "முதல்ல அடிக்கப் போகக் கூடாது. அவன் எப்பிடி அடிக்கிறான் எண்டு பார்க்கணும்." எத்தனை தரம் தோற்றாய் என்று கேட்டோம். "எண்ணல்ல சேர்" என்றான்.

கணிதத்தில் ஒரு தரம் தோற்றதும் மடித்து வைத்த பிள்ளை, அங்கே எண்ணாமல் தோற்றிருக்கிறான். ஏன் என்று தேடியபோது 50 வருட வரலாறு ஒன்று கிடைத்தது.

1971 இல் அமெரிக்காவில் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இருவர் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்ற விளையாட்டு இயந்திரத்தைச் செய்தார்கள். நாணயக் குற்றி போட்டு விளையாடுவது. விண்கலத்தைத் திருப்ப, முன்னே தள்ள, சுட என்று தனித்தனி பொத்தான்கள். விளையாட முதல் அறிவுறுத்தல்களை வாசித்து விளங்க வேண்டும். பொதுமக்களிடம் அது பெரிதாக எடுபடவில்லை.

அடுத்த வருடம், 1972 இல், அவர்கள் தொடங்கிய அட்டாரி நிறுவனத்தில் ஆலன் அல்கோர்ன் என்ற பொறியியலாளர் 'பாங்' விளையாட்டைச் செய்தார். திரையில் இரண்டு கோடு, ஒரு பந்து. பந்தைத் தவற விடாதே, புள்ளி கூடும் என்ற அளவில்தான் அறிவுறுத்தல். கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு தவறணையில் முதல் இயந்திரத்தை வைத்தார்கள். சில நாட்களில் அது பழுதாகிவிட்டது என்று அழைப்பு வந்தது. போய்த் திறந்து பார்த்தால், நாணயங்கள் நிரம்பி அடைத்துப் போயிருந்தது!

1978 இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமொஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். திரையில் 55 எதிரிகள். அவ்வளவு உருவங்களையும் ஒன்றாக வேகமாக நகர்த்தும் சக்தி அன்றைய கணனிச் சில்லுக்கு இல்லை. சுடச் சுட எண்ணிக்கை குறைய, மிச்சமுள்ளவை தாமாகவே வேகமெடுத்தன. நிஷிகாடோ இதைக் கண்டு திருத்தாமல் விட்டுவிட்டார். தொடக்கத்தில் மெதுவாக, கை பழகப் பழகக் கடினமாக. இயந்திரத்தின் பலவீனமே நல்ல பாடத்திட்டமாக மாறியது.

ஆனால் இதில் வியாபாரமும் இருந்தது. விளையாடுபவர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். அதேநேரம், "இது அநியாயம்" என்று நினைத்தால் அவர் திரும்பி வரமாட்டார். "பிழை என்னுடையது, அடுத்த முறை வெல்வேன்" என்று நினைத்தால்தான் வருவார். ஆகவே ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

1985 இல் நிண்டெண்டோவின் ஷிகேரு மியாமோட்டோவும் டகாஷி டெசுகாவும் செய்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் முதல் கட்டத்தைப் பாருங்கள். மரியோ இடது பக்கம் நிற்கிறான், வலது பக்கம் வெறுமையாக இருக்கிறது. எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சற்றுப் போனால் முறைத்த முகத்தோடு ஓர் எதிரி வருகிறது. பாயாவிட்டால் சாவு. ஆனால் இழப்பது சில செக்கன்கள் மட்டுமே. அடுத்து, கேள்விக்குறி போட்ட பெட்டி. முட்டினால் காளான் ஒன்று வெளிவந்து வலப்பக்கம் போய், குழாயில் பட்டுத் திரும்பி நம்மிடமே வருகிறது. பயந்து பாய்ந்தாலும் மேலே உள்ள கற்களில் முட்டி அதன் மேலேயே விழக்கூடும். பட்டதும் மரியோ பெரிதாகிறான். இது நல்லது என்று அப்போது விளங்கும்.

அதே கட்டத்தின் கடைசிப் பகுதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள், நடுவில் தரை. தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டியதும் அதேபோல் இன்னும் இரண்டு படிக்கட்டுகள். இம்முறை நடுவில் பள்ளம். முதலில் பயமில்லாமல் ஒரு பயிற்சி, பிறகு பரீட்சை. நாம் எத்தனை பேர் இப்படிப் பாடக்குறிப்பு எழுதுகிறோம்?

பின்னால் வந்தவர்களும் இதையே வளர்த்தார்கள். 2011 இல் வந்த 'டார்க் சோல்ஸ்' கடினத்துக்குப் பெயர் போனது. தொடக்கத்திலேயே உடைந்த வாளோடு ஒரு பெரிய அரக்கன் முன் நிறுத்திவிடும். அறையைச் சுற்றிப் பார்த்தவனுக்குத் திறந்த கதவு தெரியும். ஓடித் தப்பி, நல்ல ஆயுதம் எடுத்து, மேல்மாடிக்கு வந்து அரக்கன் மேல் பாய்ந்து வெல்லலாம். எங்கே பின்வாங்க வேண்டும் என்பதே முதல் பாடம். அதே நிறுவனத்தின் 'செகிரோ' (2019) விளையாட்டில் சாகவே முடியாத ஒரு மனிதர் வருகிறார். அவரோடு எத்தனை தரமும் வாள் பழகலாம். சலிக்கவே மாட்டார்.

இனி மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மையில்லை. இன்று பிள்ளைகளின் போனில் உள்ள பல கேம்கள் இந்த வகை அல்ல. பழகினால் வெல்லலாம் என்பது போய், சல்லி கட்டினால் வெல்லலாம் என்று ஆகிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டிகளை விற்கிறார்கள். பெல்ஜியம் 2018 இல் அவற்றைச் சூதாட்டம் என்று சொல்லித் தடுத்தது. சீனா 2021 இல் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் ஒன்லைன் விளையாட்டை வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் தினம் ஒரு மணித்தியாலம் என்று கட்டுப்படுத்தியது. ஆகவே "கேம் கூடாது" என்று மொத்தமாக ஏசுவதைவிட, "இது உனக்குப் பழக்குகிறதா, உன்னிடம் விற்கிறதா?" என்று கேட்பது பிரயோசனமானது.

எங்கள் பக்கப் பிழையும் உண்டு. நாங்கள் சிவப்புப் பேனையால் 18 என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். எங்கே தவறினான் என்று அவனுக்குத் தெரியாது. திரும்ப முயற்சிக்க இடமும் இல்லை.

இந்தத் தவணை ஒரு சின்ன மாற்றம் செய்தோம். பிழைத்த கணக்குகளைத் திருத்தி எத்தனை தரமும் கொண்டு வரலாம், ஒவ்வொரு தரமும் பார்ப்போம் என்றோம். அந்த மாணவன் ஒரே பின்னக் கணக்கோடு நான்கு தரம் வந்தான். நான்காம் தரம் சரி. தவணைப் பரீட்சையில் 31 புள்ளி. பெரிய பெறுபேறு என்று சொல்ல மாட்டோம். ஆனால் வினாத்தாளை மடிக்காமல், "இந்தக் கணக்கு எங்க சேர் பிழைச்ச?" என்று கேட்டான்.

உங்கள் பிள்ளையிடம் இன்றிரவு போனைப் பறிக்க முதல், அந்த விளையாட்டை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று நீங்களே காண்பீர்கள்.