டேங்க் இடம் மாறிய கதை

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் "டேங்க்" என்று சொன்னால் ஒருவருக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நினைவுக்கு வரும். இன்னொருவருக்கு ராணுவ டாங்கி நினைவுக்கு வரும். பக்கத்திலேயே 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறதே! விஜயந்தா டாங்கி 1965-ல் அங்கிருந்துதான் வெளிவந்தது. உண்மையில் இந்த இரண்டுக்கும் உறவு உண்டு. முதல் உலகப்போரில் பிரிட்டிஷார் தங்கள் புது ஆயுதத்தை ரகசியமாக வைக்க, அது வெறும் தண்ணீர் டேங்க் என்று சொல்லிவைத்தார்கள். அந்தப் பொய்யே பெயராக நிலைத்துவிட்டது.

இந்தக் கட்டுரை மூன்றாவது டேங்க்கைப் பற்றியது. பழைய பிக்கப் வண்டியின் எரிபொருள் டேங்க்! துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கழற்றி வேறு மாட்டவேண்டியதுதானே, அதில் என்ன வரலாறு என்று கேட்கலாம். ஆனால் அந்த டேங்க் வண்டியில் எங்கே இருக்கவேண்டும் என்பதை முடிவு செய்ய மனிதனுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நடுவில் பல உயிர்களும் போயின.

சீட்டுக்கு அடியில்

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி வண்டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. முன் சீட்டுக்கு அடியில் இருந்த டேங்க்கிலிருந்து பெட்ரோல் தானாகவே இன்ஜினுக்கு வழிந்து இறங்கும். மேட்டில் ஏறும்போது பெட்ரோல் குறைவாக இருந்தால் இன்ஜின் மேலே, டேங்க் கீழே! வண்டி நின்றுவிடும். அதனால் டிரைவர்கள் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் மேடு ஏறினார்கள். அடுத்து வந்த மாடல் ஏ-யில் டேங்க் டாஷ்போர்டுக்கு முன்னால் போனது. அதாவது பயணிகளின் முழங்காலுக்கு நேர் எதிரே.

1930-களில் மெக்கானிக்கல் பம்ப் பரவலானது. இனி டேங்க்கை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனாலும் பழைய பழக்கம் விடவில்லை. இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்பில் 15 காலன் (சுமார் 57 லிட்டர்) டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கியதும் இந்த ஜீப் குடும்பத்தைத்தான். டேங்க் மாற்றவேண்டுமென்றால் முதலில் டிரைவர் சீட்டைக் கழற்றவேண்டும்.

பல அமெரிக்க பிக்கப்களிலோ 1972 வரை டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் நின்றது. ஓட்டுபவரின் முதுகுக்கும் பெட்ரோலுக்கும் நடுவில் ஒரு சீட் மட்டுமே!

ஓர் உயிரின் விலை

1973 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் டேங்க்கைக் கேபினிலிருந்து வெளியே எடுத்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் எங்கே வைத்தார்கள்? சேஸிஸின் இரும்புச் சட்டத்துக்கு வெளிப்பக்கம். இரண்டு பக்கமும் டேங்க் வைக்க முடிந்ததால் அதிக தூரம் ஓட்டலாம். பக்கவாட்டில் ஒரு கார் மோதினால் என்ன ஆகும்? ஒரு பக்கம் மெல்லிய தகடு, மறுபக்கம் கெட்டியான சட்டம். நடுவில் டேங்க் நசுங்கும். 1987 வரை இந்த அமைப்பு தொடர்ந்தது.

அதே 1973-ல் அந்நிறுவனப் பொறியாளர் எட்வர்ட் ஐவி ஒரு கணக்குப் போட்டார். வண்டி எரிபொருள் தீயில் ஆண்டுக்கு 500 பேர் வரை இறக்கிறார்கள். ஓர் உயிருக்கு 2 லட்சம் டாலர். சாலையில் ஓடும் நிறுவன வண்டிகள் 4.1 கோடி. பெருக்கி வகுத்தால் வண்டி ஒன்றுக்கு சுமார் 2.40 டாலர். மனித உயிருக்கு உண்மையில் விலை வைக்க முடியாது என்றும் அதே குறிப்பில் அவர் எழுதியிருந்தார். இந்தக் கணக்கை வைத்து எந்த வடிவமைப்பும் முடிவு செய்யப்படவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். ஆனால் பின்னாளில் தீ விபத்து வழக்குகளில் இந்தக் குறிப்பு திரும்பத் திரும்ப நிறுவனத்துக்கு எதிராக நின்றது.

அந்த பிக்கப்களில் குறைபாடு இருப்பதாக 1994 அக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அறிவித்தது. டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. பாதுகாப்புத் திட்டங்களுக்கு 5.1 கோடி டாலருக்கு மேல் செலவிட நிறுவனம் ஒப்புக்கொண்டது. வண்டிகள் மட்டும் திரும்பப் பெறப்படவில்லை! டேங்க்குகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

இன்று பெரும்பாலான கார், பிக்கப்களில் டேங்க் பின் அச்சுக்கு முன்னால், சட்டங்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது. பல வண்டிகளில் அது துருப்பிடிக்காத பிளாஸ்டிக்காகவும் மாறிவிட்டது.

காலி டேங்க்கின் ஆபத்து

பழைய இரும்பு டேங்க் பெரும்பாலும் உள்ளிருந்தே அரிக்கும். பாதி காலியாக நிற்கும் டேங்க்கில் காற்றின் ஈரம் நீராகி அடியில் தங்கும். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் பொருள். இந்தியாவில் 2025-ல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்ட பிறகு, பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் டேங்க்கையும் ரப்பர் ஹோஸ்களையும் கவனிப்பது நல்லது.

மாற்றும் வேலை கேட்க எளிது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, எரிபொருளை வடித்து, ஹோஸ்களையும் கேஜ் ஒயரையும் பிரித்து, அடியில் ஜாக் கொடுத்து, தாங்கும் பட்டைகளின் போல்ட்டைத் தளர்த்தி மெல்ல இறக்கவேண்டும். ஆனால் பலரும் புது டேங்க் வாங்காமல், "காலிதானே" என்று பழையதை வெல்டிங்குக்குக் கொண்டுபோவார்கள். அங்கேதான் எமன் நிற்கிறான்! எரிவது திரவம் அல்ல, ஆவி. காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிரம்பிய டேங்க்கைவிட காலி டேங்க்கில்தான் அந்தக் கலவை எளிதில் அமையும். டீசல் டேங்க்கும் வெல்டிங் சூட்டில் வெடிக்கும்.

வணிகவியல் பாடத்தின்படி டேங்க் மாற்றும் செலவு வருவாயினச் செலவு. அந்த ஆண்டிலேயே கணக்கில் தீர்ந்துவிடும். புது டேங்க்குக்கும் வெல்டிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கும் உரிமையாளரும், தெரியாமலே ஐவி போட்ட அதே கணக்கைத்தான் போடுகிறார். ஒரே வித்தியாசம், இங்கே வெல்டிங் கம்பியைப் பிடித்திருப்பவரின் உயிர் எந்தப் பத்தியிலும் எழுதப்படுவதில்லை.